இருவராகப் பெருங்கடலைக் கடக்க: புறப்படும் முன் செய்ய வேண்டியவை

இரண்டு பேர் பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்கும்போது ஒருவர் விழித்திருப்பார், மற்றவர் தூங்குவார். மூன்று வாரப் பயணத்தில் பெரும்பாலான நேரம் படகை நடத்துவது ஒற்றை ஆள்தான். ஆகவே ஒவ்வொரு ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: நள்ளிரவில், மழையில், ஒருவரே இதைச் செய்து முடிக்க முடியுமா? முடியாது என்றால் ஏற்பாட்டை மாற்றுங்கள். இருவரில் ஒருவருக்கு மட்டுமே முடியும் என்றால், மற்றவர் கற்றுக்கொள்ளும் வரை புறப்படாதீர்கள்.

பாதையும் பருவமும்

முதல் பெரும் பயணத்துக்கு வியாபாரக் காற்று (இங்கே வடகிழக்கிலிருந்து சீராக வீசும் காற்று) வீசும் பாதைதான் ஏற்றது. கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் உள்ள செயின்ட் லூசியா வரை ஏறத்தாழ 2,700 கடல் மைல். 36 முதல் 40 அடி நீளப் படகு நாளுக்கு 120 முதல் 140 மைல் போகும். அப்படியென்றால் 20 முதல் 23 நாட்கள். வட அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வடகிழக்குக் காற்று நன்றாக நிலைகொள்வது டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும்தான். நவம்பரிலேயே கிளம்பினால் காற்றில்லாமல் மிதக்கவும் நேரலாம், எதிர்க்காற்றில் திணறவும் நேரலாம். நேர்க்கோட்டில் மேற்கே போகாமல், முதலில் தெற்கே காபோ வெர்டே தீவுகள் பக்கம் இறங்கி, காற்று பிடித்தபின் திரும்புவது நல்லது. அந்தத் தீவுகளின் துறைமுகமான மிண்டெலோவில் நின்று பழுது பார்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து பார்படாஸ் சுமார் 2,000 மைல்.

சுக்கானைப் பிடிக்க ஆள் வேண்டாம்

இரண்டு பேர் மாறி மாறிக் கையால் சுக்கான் பிடித்துக் கடலைக் கடப்பதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். மூன்றாம் நாளே இருவரும் சோர்ந்துவிடுவீர்கள். தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மின்சார ஆட்டோபைலட், மற்றொன்று காற்றாலேயே இயங்கும் விண்ட் வேன் என்றால் மிகச் சிறப்பு. ஒன்றின் பழுது மற்றொன்றைப் பாதிக்காது. விண்ட் வேனுக்கு மாற்றுக் கயிறுகளும், ஒட்டுப்பலகையில் வெட்டிய மாற்று இறகு ஒன்றும் வைத்திருங்கள். ஆட்டோபைலட்டுக்கு இன்னொரு மோட்டார் வேண்டும்.

சுக்கானையே முதலில் பாருங்கள். நடுக்கடலில் படகைக் கைவிட நேர்வதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சுக்கான் உடைவது. படகைக் கரையேற்றி, சுக்கானின் கீழ்நுனியைப் பிடித்து ஆட்டுங்கள். தளர்வாக ஆடினால் பேரிங்கை மாற்றுங்கள். அவசரக் கைப்பிடி பல படகுகளில் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதை மாட்டி, கடலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் அது இருக்கைச் சுவரில் இடிக்கிறதா என்று தெரியும்.

மின்சாரக் கணக்கு

12 வோல்ட் ஆட்டோபைலட் சராசரியாக 4 ஆம்பியர் இழுத்தால், நாளுக்கு 96 ஆம்பியர் மணி. குளிர்பெட்டிக்கு 40 முதல் 50. விளக்கு, ஜிபிஎஸ், ஏஐஎஸ் (அருகிலுள்ள கப்பல்களின் இடத்தைத் திரையில் காட்டும் கருவி), ரேடியோ எல்லாம் சேர்த்து 25. ஆக நாளுக்கு 160 முதல் 170. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். 400 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு நாள் செலவைத் தாண்டிக் கொஞ்சம்தான் தாங்கும். 400 வாட் சோலார் பலகை, பாயின் நிழல் விழுந்தது போக, வெயில் நாளில் 100 சொச்சம் தரும். மிச்சத்துக்கு எஞ்சினை ஓட்ட வேண்டும், இல்லையென்றால் விண்ட் வேனுக்கு மாற வேண்டும். டீசல் பாயில்லாமல் கடலைக் கடப்பதற்கு என்று எண்ணாதீர்கள், அது பேட்டரியை ஏற்றுவதற்கு. கடல் ஆட்டத்தில் தொட்டியின் அடியில் கிடக்கும் கசடு கிளம்பி ஃபில்டரை அடைக்கும். புறப்படுமுன் தொட்டியைத் திறந்து கழுவி, இரு வகை ஃபில்டரிலும் ஆறாறு, இம்பெல்லர் (குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம்) மூன்று, பெல்ட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாயும் கயிறும்

பின்காற்றில் மூன்று வாரம் ஓடும்போது எதிரி புயலைவிட உராய்வுதான். கயிறு ஒரே இடத்தில் இரவு பகலாகத் தேய்ந்து அறுந்துபோகும். பாயை ஏற்றும் கயிற்றை நாளுக்கு ஒருமுறை ஒரு சாண் நகர்த்துங்கள். அப்போது பாய்மர உச்சியில் உருளையின் மேல் வேறு பகுதி வந்துவிடும். கயிறு உரசும் இடங்களில் தோல் சுற்றலாம், குழாய் மாட்டலாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கட்டுகள் 10 முதல் 12 ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்குக் குறைவான வயதுடையவற்றில் முனைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றுங்கள். மிக நீளமான கம்பியின் அளவுக்கு டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிறு ஒன்று உதிரியாக இருக்கட்டும்.

பின்காற்றில் பூம் (பெரிய பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கம்பு) திடீரென எதிர்ப்பக்கம் பாய்ந்தால் மண்டை உடையும், பாய்மரமும் முறியும். பூமின் நுனியிலிருந்து ஒரு கயிற்றைப் படகின் முன்நுனியான அணியத்தில் உள்ள உருளை வழியாகக் கொண்டுவந்து, ஓட்டும் இடத்திலேயே இறுக்கிக் கட்டுங்கள். அதைத் தளர்த்த யாரும் மேல்தளத்தில் முன்னால் போக வேண்டியிருக்கக் கூடாது. பெரிய பாயை மடக்கிக் கட்டி (இதற்குப் பெயர் ரீஃப்) மூன்றாம் ரீஃப் வரை குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஒருவர் தனியாக, இருட்டில், பத்து நிமிடத்துக்குள் ரீஃப் செய்யும் வரை பழகுங்கள். சூரியன் மறையுமுன் பாயைக் குறைத்துவிடுவது தூக்கத்தைக் காப்பாற்றும். இன்னொரு விதியையும் கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள்: பாயைக் குறைக்கலாம் என்று யார் சொன்னாலும், வாதமில்லாமல் குறைக்க வேண்டும்.

ஒருவர் கடலில் விழுந்தால்

இதுதான் இரண்டு பேர் பயணத்தின் பெரிய ஆபத்து. கணக்கு எளியது. 6 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 6 கடல் மைலில், படகு நொடிக்கு 3 மீட்டர் போகும். அரை நிமிடத்தில் 90 மீட்டர். அலைகளுக்கு நடுவே ஒரு தலை அந்தத் தொலைவிலேயே மறைந்து மறைந்து தெரியும். தூங்குபவர் ஒரு மணி நேரம் கழித்து விழித்தால், விழுந்தவர் 6 மைல் பின்னால் இருப்பார். ஆகையால் முழு முயற்சியும் விழாமல் இருப்பதிலேயே இருக்க வேண்டும்.

ஆளின் பிணைப்புக் கயிற்றை மாட்டும் பிணைப்புப் பட்டையைத் தளத்தின் ஓரமாக இல்லாமல் நடுப்பகுதியில் இழுத்துக் கட்டுங்கள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என இரு கைகள் உள்ள பிணைப்புக் கயிறு ஆளுக்கு ஒன்று. உள்ளறையிலிருந்து வெளியே வருமுன் கொக்கியை மாட்ட வேண்டும், உள்ளே இறங்கியபின்தான் கழற்ற வேண்டும். மற்றவர் விழித்திருக்காமல் தளத்தின் முன்பகுதிக்குப் போகக் கூடாது. படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பதையும் தடை செய்யுங்கள், வாளி இருக்கிறது.

அதையும் மீறி விழுந்தால்? உயிர்க்கவசத்தில் ஏஐஎஸ் சிக்னல் கருவி இருந்தால், படகின் திரையில் விழுந்தவர் இடம் தெரியும். படகிலும் அலாரம் ஒலிக்கும்படி அமைத்து, தூங்குபவரை அது எழுப்புகிறதா என்று சோதியுங்கள். கண்டுபிடிப்பது பாதி வேலைதான். நனைந்து சோர்ந்த ஒரு பெரிய ஆளை மற்றவர் வெறுங்கையால் தூக்க முடியாது. ஆறு மடங்கு விசை தரும் உருளைக் கட்டு ஒன்றைப் பையில் தயாராக வைத்து, பாய்க்கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சால் இழுக்கும் முறையை இருவரும் அமைதியான நீரில் உண்மையான ஆளை வைத்தே செய்து பாருங்கள். எடை குறைந்தவர் எடை மிகுந்தவரைத் தூக்கும்போதுதான் சோதனை முழுமையாகும்.

நால்வருக்கான உயிர்த்தெப்பம், சாட்டிலைட் வழியே ஆபத்துச் சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் இபிர்ப் கருவி ஆகியவற்றின் சர்வீஸ் தேதியையும் பேட்டரி காலாவதியையும் பாருங்கள். இபிர்ப் உங்கள் படகின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும்.

காவலும் தூக்கமும்

மூன்று மணி நேரம் காவல், மூன்று மணி நேரம் தூக்கம் என்ற முறை பலருக்கும் பொருந்தும். நான்கு மணி நேரமாகவும் வைக்கலாம். இரவு முழுதும் அட்டவணைப்படி, பகலில் யார் சோர்ந்தாரோ அவருக்குத் தூக்கம். முதல் மூன்று நாட்கள்தான் கடினம், பிறகு உடல் பழகிவிடும். அந்த நாட்களுக்குச் சமைத்த உணவை முன்கூட்டியே தயார் செய்து, கடல் குமட்டல் மாத்திரையைப் புறப்படுவதற்குமுன்பே போடத் தொடங்குங்கள்.

காவலில் கண்ணயர்வது ஏன் ஆபத்து? 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் கொடிமர விளக்கு குறைந்தது 6 மைலிலிருந்து தெரிய வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அது 20 நாட் வேகத்தில், நீங்கள் 6 நாட் வேகத்தில் எதிரெதிராக வந்தால், தெரிந்த விளக்கு 14 நிமிடத்தில் உங்கள் மேல் வந்துவிடும். அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்குவது அதற்குள் அடங்காது. ஏஐஎஸ் உதவும், ஆனால் எல்லாப் படகிலும் அது இருப்பதில்லை.

தண்ணீர், உணவு, மருந்து

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். 30 நாளுக்கு இருவருக்கும் 240 லிட்டர். அதை இரண்டு தொட்டிகளிலும் தனிக் கேன்களிலும் பிரித்து வையுங்கள். ஒரு தொட்டி கசிந்தாலும் மற்றது காப்பாற்றும். உப்புநீரை நன்னீராக்கும் இயந்திரம் இருந்தாலும் இந்தக் கணக்கைக் குறைக்காதீர்கள். கேன்களை முழுதும் நிரப்பாமல் விட்டால், படகைக் கைவிடும் நிலையில் கடலில் மிதக்கும்.

அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்ற வேண்டாம், கரப்பான் முட்டை அதில்தான் வரும். கழுவாத, குளிரூட்டாத முட்டை குளிர்பெட்டியின்றிச் சில வாரம் தாங்கும். சில நாளுக்கொருமுறை திருப்பி வையுங்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும்.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பல் மருத்துவரிடம் போங்கள். மருத்துவரின் ஆலோசனையோடு ஆன்டிபயாடிக், வலிமருந்து, தீக்காய மருந்து வாங்கி, மருந்துப் பட்டியலைச் சாட்டிலைட் ஃபோன் அருகே ஒட்டுங்கள். ரோமில் உள்ள சிஐஆர்எம் என்ற மையம் கடலில் இருப்போருக்கு இலவசமாக மருத்துவ ஆலோசனை தருகிறது. அதன் எண்ணையும் அங்கேயே எழுதுங்கள்.

ஒத்திகை, கிளம்புதல், கரை சேர்தல்

பெரும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால், நிற்காமல் நான்கு இரவுகள் கடலில் ஓடுங்கள். ஒரே இரவு போதாது. உடைவதும் கசிவதும் சண்டையும் மூன்றாம் இரவில்தான் வெளிப்படும். அந்த ஓட்டத்தில் ஒரு முழு நாள் ஒருவர் படகை முழுதும் நடத்துபவராகவும் மற்றவர் வெறும் பயணியாகவும் இருங்கள். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். எஞ்சினின் டீசல் குழாயில் புகுந்த காற்றை நீக்குதல், ஆபத்துச் செய்தி அனுப்புதல், வரைபடத்தில் இடம் குறித்தல் மூன்றையும் இருவரும் உதவியின்றிச் செய்ய வேண்டும்.

கிளம்பும் துறைமுகத்தில் வெளியேறும் அனுமதிச் சீட்டை வாங்க மறக்காதீர்கள். அடுத்த நாட்டில் முதலில் கேட்பது அதைத்தான். அறிமுகமில்லாத துறைக்குள் இரவில் நுழையாதீர்கள். கரையிலிருந்து 15 மைல் தள்ளி, முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் படகை நிறுத்தி, விடியும் வரை காத்திருங்கள். அப்போதும் காவல் முறை தொடரட்டும். விடிந்ததும் மஞ்சள் கியூ கொடியை (நுழைவு அனுமதி கேட்கும் கொடி) ஏற்றி உள்ளே போய், குடியேற்ற அலுவலகம் அனுமதிக்கும் வரை ஊருக்குள் போகாதீர்கள்.