பிரீஃபோர்க்கில் ஓடிய அப்பாச்சி மாட்யூலை ஈவென்ட்டுக்கு மாற்றுவது எப்படி

அப்பாச்சி வெப் சர்வரில் பல ஆண்டுகளாகப் பிரீஃபோர்க் முறையில் (ஒரு கோரிக்கைக்கு ஒரு புராசஸ்) சிக்கலின்றி ஓடிய சி மொழி மாட்யூல் (சர்வரோடு இணையும் துணை நிரல்) ஒன்றை ஈவென்ட் முறைக்கு (ஒரு புராசஸுக்குள் பல திரெட்டுகள்) கொண்டுபோகும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த மாட்யூல் இந்தச் சர்வர் பதிப்போடு பொருந்துமா என்பது ஒன்று. ஒரே புராசஸுக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து ஓடும் பல திரெட்டுகள் ஒரே நேரத்தில் அழைத்தாலும் அது சரியாக நடந்துகொள்ளுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சர்வரே ஓரளவு விடை சொல்லிவிடும். இரண்டாவதை எந்தக் கருவியும் முழுமையாகச் சொல்லாது. மூல நிரலை உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும்.

முதலில் இப்போது ஓடுவது எது என்று பாருங்கள். அப்பாச்சிசிடிஎல் கட்டளையைப் பெரிய எழுத்து ‘வி’ தெரிவோடு இயக்கினால், எந்த எம்பிஎம் (கோரிக்கைகளைப் புராசஸ்களுக்கும் திரெட்டுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் பகுதி) இயங்குகிறது, அது திரெட் வகையா, மாட்யூல் மேஜிக் எண் (மாட்யூலும் சர்வரும் பொருந்துமா என்று காட்டும் எண்) என்ன என்ற மூன்றும் கிடைக்கும். யூனிக்ஸில் 1.3 பதிப்பு வரை ஒரு கோரிக்கைக்கு ஒரு புராசஸ் என்பதே வழக்கமாக இருந்தது. 2002இல் வந்த 2.0 பதிப்புதான் எம்பிஎம் என்னும் அடுக்கைப் புகுத்தி, பிரீஃபோர்க்கையும் திரெட் வகையான ஒர்க்கரையும் தனித்தனித் தெரிவுகளாக்கியது. 2012இல் வெளிவந்த 2.4இல் ஈவென்ட் சோதனை நிலையைத் தாண்டி முழுத் தகுதி பெற்றது. எம்பிஎம்மையே மாட்யூல்போல ஏற்றவும் இறக்கவும் முடிந்தது. மாற்றுவது இவ்வளவு எளிதாகிவிட்டதால்தான், கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிவிட்டு மாட்யூல்களை மறந்துபோகும் தவறும் பெருகியது.

பொருத்தத்தைப் பொறுத்தவரை, மேஜிக் எண்ணுக்குப் பெரும்பகுதி, சிறுபகுதி என இரண்டு உண்டு. 2.2 பதிப்பின் பெரும்பகுதி 20051115, 2.4 பதிப்புடையது 20120211. மாட்யூலை ஏற்றும்போது சர்வர் பெரும்பகுதியை மட்டுமே ஒப்பிடுகிறது. அது வேறாக இருந்தால், இந்தப் பதிப்போடு பொருந்தவில்லை என்று இரண்டு எண்களையும் காட்டிவிட்டு நின்றுவிடும். சிறுபகுதியை அது பார்ப்பதில்லை. ஆகவே புதிய 2.4 ஹெடர் கோப்புகளோடு கம்பைல் செய்த மாட்யூலைப் பழைய 2.4 சர்வரில் வைத்தால், மேஜிக் எண் ஒத்துப்போனாலும், அந்தப் பழைய சர்வரில் இல்லாத ஃபங்ஷன் ஒன்றை மாட்யூல் அழைக்குமானால், பெயர் தெரியவில்லை என்ற பிழையோடு ஏற்றம் தடைப்படும். எந்தச் சர்வரில் ஓடப்போகிறதோ அதே சர்வரின் ஏபிஎக்ஸ்எஸ் கருவியைக் கொண்டு கம்பைல் செய்வதே இதற்குச் சரியான வழி.

2.2இலிருந்து நேராக வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணைப்பு அமைப்பில் இருந்த ‘ரிமோட் ஐபி’ என்னும் புலம் 2.4இல் இல்லை, அதன் இடத்தில் இணைப்புக்குரிய ‘கிளையன்ட் ஐபி’, கோரிக்கைக்குரிய ‘யூசர்ஏஜென்ட் ஐபி’ என இரண்டு உள்ளன. கம்பைலர் பிழை காட்டுகிறதே என்று ஏதாவது ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி எழுதிவிடாதீர்கள். சர்வரின் முன்னால் பிராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் இடைச் சர்வர்) இருந்தால், ‘கிளையன்ட் ஐபி’ அந்தப் பிராக்ஸியின் முகவரியையே தரும். ‘யூசர்ஏஜென்ட் ஐபி’யை ரிமோட்ஐபி மாட்யூல் உண்மையான பயனரின் முகவரியாக மாற்றியிருக்கலாம். அனுமதி வழங்கும் மாட்யூலில் இந்தத் தெரிவு பிசகினால் கதவு தவறான ஆளுக்குத் திறக்கும்.

இனி திரெட் பாதுகாப்பு. ‘இந்த மாட்யூல் பாதுகாப்பானதா’ என்று மொத்தமாகக் கேட்பதைவிட, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு தரவையும் யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள் என்று தனித்தனியே கேட்பதுதான் பயன் தரும். கம்பைல் ஆன கோப்பின்மீது ‘என்எம்’ கருவியை ஓட்டி, பி, டி என்னும் எழுத்துகளால் (சிறிய எழுத்தாயினும் பெரிய எழுத்தாயினும்) குறிக்கப்பட்ட பெயர்களைப் பட்டியலிடுங்கள். எழுதக்கூடிய பொது மாறிகள் அவைதான். ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் (அழைப்பு முடிந்தும் மதிப்பு அழியாத மாறி) என்று ஒளிந்திருப்பவைகூட அங்கே அகப்பட்டுவிடும்.

அந்தப் பட்டியலில், கட்டமைப்பைப் படிக்கும்போது ஒருமுறை எழுதப்பட்டுப் பின்னர் படிக்க மட்டும் பயன்படுவனவற்றை அப்படியே விட்டுவிடலாம். ஒரு கோரிக்கை நடக்கும்போது எழுதப்படுபவை அனைத்தும் அந்தக் கோரிக்கையின் பூலில் (கோரிக்கை முடிந்ததும் மொத்தமாக விடுவிக்கப்படும் நினைவகத் தொகுப்பு) ஒதுக்கப்பட்டு, அதன் மாட்யூல் அமைப்பிடத்தில் சேமிக்கப்பட வேண்டும். எண்ணிக்கை போன்று எல்லோருக்கும் பொதுவானவற்றுக்கு அப்பாச்சியின் அடிப்படை நூலகமான ஏபிஆரின் அட்டாமிக் செயல்களோ (நடுவே வேறு திரெட் குறுக்கிட முடியாதவை) திரெட் மியூடெக்ஸோ (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) தேவை. ஆனால் ஈவென்ட்டிலும் புராசஸ்கள் பல உண்டு என்பதால், திரெட் பூட்டு போட்ட எண்ணிக்கை அந்த ஒரு புராசஸின் எண்ணிக்கைதான். சர்வர் முழுவதற்கும் ஒரே எண் வேண்டுமானால் பகிர்வு நினைவகமும் குளோபல் மியூடெக்ஸும் வேண்டும். அந்த மியூடெக்ஸை ஒவ்வொரு பிள்ளைப் புராசஸும் தன் தொடக்கக் கொக்கியில் (அந்தக் கட்டத்தில் சர்வர் அழைக்கும் மாட்யூல் ஃபங்ஷன்) மறுபடி திறந்துகொள்ளவும் வேண்டும்.

‘வெற்றாக இருந்தால் உருவாக்கு’ என்ற பாணியில் முதல் கோரிக்கை வரும்போது எதையாவது தயார்செய்யும் நிரல், இரண்டு திரெட்டுகள் ஒன்றாக நுழைந்தால் அதை இரண்டு முறை உருவாக்கிவிடும். அந்த வேலையையும் பிள்ளைப் புராசஸின் தொடக்கக் கொக்கிக்கே நகர்த்துங்கள்.

பூல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்த்த வரையில் அனுபவசாலிகளும் வழுக்கி விழும் இடம் இதுதான். ஏபிஆர் பூலிலிருந்து நினைவகம் ஒதுக்கும்போது பூட்டு எதுவும் போடப்படுவதில்லை. ஒரு பூலை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே பயன்படுத்தும் என்ற நம்பிக்கையில்தான் அது அவ்வளவு வேகமாக இருக்கிறது. கோரிக்கை நடுவே, நீண்டகாலம் இருக்க வேண்டும் என்று எண்ணிப் புராசஸ் பூலிலிருந்து ஒதுக்கும் மாட்யூல், பிரீஃபோர்க்கில் நினைவகத்தை மெல்லத் தின்னும், அவ்வளவுதான். ஈவென்ட்டில் அதுவே பூலின் உள் சுட்டிகளைக் குலைத்து, சம்பந்தமே இல்லாத வேறொரு மாட்யூலில் சர்வரை விழச்செய்யும். விழுந்த இடத்தில் தேடிக்கொண்டிருந்தால் காரணம் அகப்படாது.

அடுத்து, சி நூலகம். ஸ்ட்ர்டாக், லோக்கல்டைம், சிடைம், கெட்ஹோஸ்ட்பைநேம் போன்றவை விடையையோ இடைநிலைத் தரவையோ பொது இடத்தில் வைப்பவை. ஏபிஆர் தரும் ஸ்ட்ர்டாக்கையும் நேர ஃபங்ஷன்களையும், அல்லது பெயர் முடிவில் ‘_ஆர்’ சேர்ந்த வடிவங்களையும் பயன்படுத்துங்கள். சிஹெச்டிர், யூமாஸ்க், செட்என்வ், செட்லோக்கேல் ஆகியவை புராசஸ் முழுவதையும் மாற்றுவதால், கோரிக்கை நடுவே அவற்றை அழைக்கவே கூடாது. நானே எழுதிய பதிவு மாட்யூல் ஒன்றில் பயனர் அடையாளத்தை ஸ்டாட்டிக் எழுத்து வரிசையில் வைத்திருந்தேன். ஒர்க்கருக்கு மாறிய பிறகு ஒருவருடைய பெயர் மற்றொருவரின் பதிவு வரியில் வந்தது. சர்வர் விழவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. விழும் மாட்யூலைவிட இப்படிப் பொய் சொல்லும் மாட்யூல் ஆபத்தானது என்பேன்.

மாட்யூல் இணைக்கும் நூலகங்களும் இதே சோதனைக்கு உரியவை. மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 1.1.0 பதிப்புக்கு முன்பு, பூட்டுப் போடும் ஃபங்ஷன்களை அதை அழைக்கும் நிரலே பதிவுசெய்து தரவேண்டியிருந்தது. பிஹெச்பி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு: திரெட் பாதுகாப்போடு கம்பைல் செய்யப்படாத பிஹெச்பி மாட்யூலைத் திரெட் எம்பிஎம்மில் ஏற்றினால், காரணத்தைச் சொல்லிவிட்டுச் சர்வர் தொடங்க மறுக்கும். பாதுகாப்பான வடிவத்தைக் கம்பைல் செய்துகொள்ளலாம். எனினும் அதன் எக்ஸ்டென்ஷன்களும் அவை சார்ந்த நூலகங்களும் ஒவ்வொன்றாகத் தேற வேண்டியிருப்பதால், பிஹெச்பியை எஃப்பிஎம் வழியாகத் தனிப் புராசஸ்களில் வைத்து, பிராக்ஸி எஃப்சிஜிஐ மாட்யூலால் இணைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஈவென்ட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே இணைப்பில் அடுத்தடுத்து வரும் கோரிக்கைகளை வெவ்வேறு திரெட்டுகள் கையாளலாம் என்பதால், இணைப்புக்குரிய தரவைத் திரெட்டின் சொந்த இடத்தில் வைத்தால் அடுத்த கோரிக்கையில் அது இருக்காது, அல்லது வேறொருவருடையதாக இருக்கும். ஹெச்டிடிபி/2 மாட்யூலும் தனக்கென்று தனித் திரெட்டுகளை வைத்துக்கொள்கிறது, 2.4.27 முதல் அது பிரீஃபோர்க்கில் இயங்குவதும் இல்லை.

சோதிக்கும்போது ஒரே புராசஸில் நிறையத் திரெட்டுகள் இருக்குமாறு அமைத்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் வெவ்வேறு அடையாள எண்ணை அனுப்பி, அதே எண்தான் விடையிலும் பதிவிலும் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வெறும் வேகச் சோதனையால் தரவுக் கலப்பு தெரியாது. திரெட் மோதல்களைத் தேடும் கருவிகளான வால்கிரைண்டின் ஹெல்கிரைண்டும் கம்பைலரின் திரெட்சானிடைசரும் உதவும், பொய் எச்சரிக்கைகளும் தரும். பூல் பிழைக்கு, உரிமையாளர் சோதனையோடு கூடிய பூல் டீபக் வசதியுடன் ஏபிஆரைக் கம்பைல் செய்துகொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ ஒரு பழைய நூலகத்தால் மாட்யூலைச் சரிசெய்ய இயலவில்லையெனில், போஸ்ட் கான்ஃபிக் கொக்கியில் எம்பிஎம் திரெட் வகையா என்று சர்வரைக் கேட்டு, ஆம் என்றால் எந்த நூலகத்தால் முடியாது என்பதைப் பிழைப் பதிவில் எழுதிவிட்டுத் தொடங்க மறுக்குமாறு செய்யுங்கள்.