விக்டோரியாவில் குடும்ப வன்முறை: வேலூர்ப் பகுதியிலிருந்து வருபவர்கள் அறிய வேண்டியது

குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ திருமணமாகி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு வரும் பெண்களுக்கு வங்கிக் கணக்கு தொடங்கவும் ரயில் ஏறவும் சொல்லித்தர உறவினர்கள் இருப்பார்கள். வீட்டுக்குள் அடி விழுந்தால் எங்கே போவது என்பதை ஒருவரும் சொல்லித்தருவதில்லை. ஆகவே அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நம் வட ஆற்காட்டு ஊர்களில் இது முதலில் பெரியவர்களின் பேச்சுவார்த்தைக்குப் போகும், அப்புறம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும், பல நேரங்களில் அங்கும் சேர்ந்து வாழச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விக்டோரியாவிலும் காவல்துறை, நீதிமன்றம், குழந்தைகள் நலத்துறை எல்லாம் தனித்தனியாக இயங்குவது பெருங்குறையாக இருந்தது. 2016இல் குடும்ப வன்முறை குறித்த அரச விசாரணை ஆணையம் 227 பரிந்துரைகளை அளித்த பிறகே, வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு வேண்டிய உதவிகளுக்கு ஒரே இடத்தில் வழிகாட்டும் 'ஆரஞ்ச் டோர்' என்ற பொது நுழைவாயில் உருவானது. கட்டணமின்றி, யாருடைய பரிந்துரைக் கடிதமும் இன்றி அங்கே போகலாம்.

ஆபத்து நேரத்தில் 000 எண்ணை அழையுங்கள். வரும் காவலர்கள் சமரசம் பேச வருபவர்கள் அல்லர்; தேவையெனக் கண்டால் அவர்களே பாதுகாப்பு அறிவிப்பு (வன்முறை செய்தவரைக் கட்டுப்படுத்தும் தற்காலிக உத்தரவு) வழங்கி, உங்களைப் பாதுகாக்கும் தடையாணை கோரி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பார்கள். அவர்களுடைய அறிக்கை ஆரஞ்ச் டோருக்குச் செல்வதால் அங்கிருந்து ஒரு பணியாளர் உங்களை அழைப்பார். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைத்தால் கணவருக்குத் தெரியாது என்பதைக் காவலரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். உங்கள் பிள்ளையையோ நாத்தனாரையோ வைத்துப் பேச வேண்டாம்.

"ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்" என்ற அச்சம் இயல்பானது, நான் அதை அற்பமாக நினைக்கவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த தகவல் பகிர்வு முறைப்படி, ஆபத்தை மதிப்பிடுவதற்காக வன்முறை செய்தவரைப் பற்றிய விவரங்களை அவருடைய சம்மதமின்றியே அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் பகிர்ந்துகொள்ளலாம். உங்களைப் பற்றிய விவரங்களுக்கோ உங்கள் சம்மதம் வேண்டும். உயிருக்கோ பாதுகாப்புக்கோ கடும் அச்சுறுத்தல் இருக்கும்போதும், குழந்தைக்கு ஆபத்து இருக்கும்போதும் மட்டும் விதிவிலக்கு உண்டு. கோயிலில் சந்திக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வளையத்தில் இடமில்லை.

அடி மட்டுமே வன்முறை என்று எண்ணாதீர்கள். பணத்தை முடக்குவதும், விசாவைக் காட்டி மிரட்டுவதும், தாய்வீட்டுத் தொடர்பைத் துண்டிப்பதும் வன்முறைதான். வரதட்சணைக்காக நெருக்குவதையும் 2019 முதல் மாநிலச் சட்டம் எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறது. "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று கணவர் சொல்வதால் விசா ரத்தாகிவிடாது, அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. துணைவர் விசாவில் இருப்பவர்களுக்குக் குடும்ப வன்முறைக்கான தனி விதிகள் உள்ளன. விசாவின் வகையைப் பொறுத்து அவை மாறுபடுவதால், வீட்டைவிட்டு வெளியேறியதும் குடியேற்றச் சட்டம் அறிந்தவரிடம் பேசுவது அவசியம்.

ஊரிலுள்ள பெற்றோருக்கும் ஒரு செய்தி. மகள் காட்பாடிக்கோ பேரணாம்பட்டுக்கோ திரும்பிவர நேர்ந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே அவர் மனு செய்யலாம். மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் உதவுவார், 181 என்ற மகளிர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

விக்டோரியாவில் குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களுக்காக நள்ளிரவிலும் இயங்கும் 'சேஃப் ஸ்டெப்ஸ்' சேவையின் எண் 1800 015 188. அதைக் கைபேசியில் வேறு பெயரில் பதிந்துவையுங்கள்.