பாஞ்சாலங்குறிச்சியில் கும்பினிப் படை தோற்றதை நடந்து பார்ப்பது எப்படி

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிற பலரும் கட்டபொம்மன் சிலை முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், முற்றுகை எப்படித் தோற்றது என்று தெரிய வேண்டுமானால் அவரைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, அவர் தம்பி ஊமைத்துரையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதிகள். 1799 செப்டம்பரில் கும்பினித் தளபதி பானர்மேன் அடித்தபோதும் கோட்டை விழவில்லை, உள்ளே இருந்தவர்கள் ராத்திரியில் வெளியேறிய பிறகுதான் அது கும்பினி கைக்குப் போனது, அப்புறம் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரி 2-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்தில் இன்னொரு கும்பினித் தளபதி மெக்காலே படையோடு வந்து பார்த்தால், இடித்த கோட்டை மறுபடி நிற்கிறது! வந்த வழியே பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். கூடுதல் படையும் பீரங்கியும் சேர்த்துக்கொண்டு மார்ச் 31-ல் ஏறியபோதும் அடிதான். நாம் பார்க்கப் போவது அந்த நாளைத்தான்.

ஓட்டப்பிடாரம் போய்விட்டால் அங்கிருந்து பக்கம். இப்போது நிற்கும் கோட்டை 1974-ல் கட்டிய நினைவுச் சின்னம், அதில் முற்றுகையைத் தேடாதீர்கள். பழைய கோட்டையின் அடித்தளம் இருக்கும் இடத்துக்குப் போய் நடந்து அளந்து பாருங்கள். நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, அதாவது சாதாரண நடையில் 200 எட்டு, 120 எட்டு. இவ்வளவுதானா என்று தோன்றும், தோன்றட்டும். மதில் 12 அடி உயரம், முழுக்க மண். கல் என்றால் குண்டு பட்டுத் தெறித்து உடையும். இறுகிய மண் குண்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி வேறு. (இப்போது அந்தப் பக்கம் நீங்கள் பார்க்கும் சீமைக்கருவேலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது இந்தச் சண்டைக்கெல்லாம் பிந்தி வந்தது.)

சரி, மார்ச் 31-ல் மதில் இடிந்த இடத்தில் ஏறிய கும்பினிச் சிப்பாய்கள் ஏன் உள்ளே குதிக்கவில்லை? அதைப் புரிந்துகொள்ள, உங்களோடு வந்தவரிடம் தேங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பு மாதிரி நீளமான ஒன்றைக் கொடுத்துப் பள்ளத்தில் நிற்கச் சொல்லி, நீங்கள் மேட்டில் ஏறுங்கள். உள்ளே நின்றவர்களின் ஈட்டி 18 அடிக்குக் குறையாது. சிப்பாயின் துப்பாக்கி, முனையில் மாட்டும் பயோனெட் கத்தியோடு சேர்த்தே ஆறடி. மேலே தலை நீட்டியவன் எல்லோர் கண்ணுக்கும் தெரிவான், கீழே கொத்தளத்துக்குள் நின்று குத்துகிறவனை இவனால் எட்டவே முடியாது. அந்த இடத்தில் தைரியம் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

மே மாதம் கும்பினித் தளபதி அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து, அவசரப்படாமல் மதிலை நன்றாக உடைத்த பிறகு 24-ம் தேதிதான் ஏறினார். செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, அதையும் பார்த்துவிடுங்கள். திரும்பும்போது கயத்தாறு போவதானால், அது 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். மார்ச் 31-க்கு ஒன்றரை வருஷம் முந்தைய கதை, பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.