கோபுரத்தில் சிறைப்பட்ட அரசி: கயிற்றுப் புதிரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயரமான கோபுரத்தின் உச்சி அறையில் ஓர் அரசியும் அவளுடைய மகனும் மகளும் அடைபட்டிருக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே ஒரு கப்பி. அதில் ஓடும் கயிற்றின் இரு முனைகளிலும் சம எடையுள்ள இரண்டு கூடைகள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். அரசியின் எடை 195 பவுண்டு, மகள் 105, மகன் 90; அறையில் 75 பவுண்டு எடைக்கல் ஒன்றும் கிடக்கிறது. இறங்கும் கூடையின் சுமை ஏறும் கூடையின் சுமையைவிட 15 பவுண்டுக்கு மேல் கூடினால், இறங்குபவர் உயிருக்கு ஆபத்து. மூவரும் பத்திரமாகக் கீழே இறங்குவது எப்படி? ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த லூயிஸ் கரோல் 19ஆம் நூற்றாண்டில் அமைத்த புதிர் இது.

பலர் முதல் நகர்விலேயே நின்றுவிடுவதற்குக் காரணம், ஆட்களுக்கான வரம்பைக் கல்லுக்கும் பொருத்திப் பார்ப்பதுதான். கல் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் அதற்கு அடிபடப் போவதில்லை. ஆகவே எதிர்க்கூடை காலியாக இருக்கும்போது அதைத் தனியே இறக்கலாம். கீழே எதிர்ச்சுமை எதுவும் இல்லாத தொடக்க நிலையில் செய்யக்கூடிய ஒரே பாதுகாப்பான நகர்வும் அதுவே. எடைகளைக் கிலோவுக்கு மாற்றி முழு எண்ணாக்கிக்கொள்வது இன்னொரு வம்பு: மகன் 41, கல் 34 என்று எழுதிவிட்டு, வரம்பை மட்டும் 6.8 என்று துல்லியமாக வைத்தால், நடக்க வேண்டிய நகர்வே நடக்காது.

பெரிய தவறு, அரசியை எப்படி இறக்குவது என்பதைக் கடைசியில் யோசிப்பது. அவளுக்கு எதிரே குறைந்தது 180 பவுண்டு வேண்டும். மகனும் கல்லும் சேர்ந்தால் 165, போதாது. மகனும் மகளும் சேர்ந்தால் சரியாக 195. இதுதான் மிகப் பாதுகாப்பான ஏற்பாடு என்று தோன்றும், ஆனால் இரு பக்கமும் சமமானால் கூடைகள் நகரவே நகரா. மூன்றும் சேர்ந்தால் 270, அரசியால் இறங்கவே முடியாது. எஞ்சுவது மகளும் கல்லும் மட்டுமே: 180. எனவே மகளையும் கல்லையும் கீழே கொண்டுசேர்ப்பதே முதல் பாதியின் முழு வேலை என்பது, ஒரு கூடையைக்கூட அசைக்காமலேயே தெரிந்துவிடுகிறது.

அதைச் செய்யும்போதுதான், இறங்கியவரை மறுபடி மேலே அனுப்பத் தயங்கும் பழக்கம் குறுக்கே வருகிறது. கல் இறங்கியபின், அது எதிர்க்கூடையில் மேலே ஏற, மகன் இறங்குகிறான். அடுத்து மகள் இறங்க வேண்டுமானால் அவன் மேலே போயே ஆக வேண்டும். அவனைக் கீழேயே நிறுத்திவைக்கப் பார்ப்பவர்களுக்கு இந்தப் புதிர் அவிழாது. மகன் மேலே சென்றதும் கல்லைத் தனியே இறக்கி, மகளையும் கல்லையும் ஒரே கூடையில் ஏற்றினால், ஐந்தாம் நகர்வில் அரசி தரையில் நிற்கிறாள்.

அத்துடன் தாளை மூடிவைப்பவர்களும் உண்டு. மகனும் மகளும் கல்லும் அப்போது மேலே இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் மேலே யார், கீழே யார் என்று எழுதிவந்தவர் மறக்க மாட்டார். அவருக்கு மீதி எளிது: கல் இறங்கும்; மகன் இறங்கக் கல் ஏறும்; மகள் இறங்க மகன் ஏறுவான்; கல் மறுபடி இறங்கும்; பத்தாம் நகர்வில் மகன் இறங்க, கல் மட்டும் மேலே போகும்.