பள்ளி வளாகத்தில் ஒரு மண் சிற்பம்: ஓவிய ஆசிரியர்களுக்கான செய்முறை

வட ஆர்க்காட்டுக் கிராமங்களில், திரௌபதி அம்மன் திருவிழாவில், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று திடலில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பார்த்து வளர்ந்த மாணவர்களிடம், ஓர் இடத்திற்கென்றே அமைக்கும் நிறுவல் சிற்பம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மண்ணைக் குவித்து, நீர் தெளித்து அடித்து, வண்ணம் தீட்டிய அந்தப் பேருருவத்தைச் சுற்றிக் கூத்துக் கலைஞர்கள் ஆடுகிறார்கள்; பீமன் தொடையைப் பிளந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. கல்வியையும் வளர்ச்சியையும் பொருளாகக் கொண்டு சிற்பம் அமைக்க விரும்பும் ஆசிரியருக்கு, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கருங்கல் தூண்களைவிட இதுவே தகுந்த முன்மாதிரி என்பது என் கருத்து. வளர்ச்சியைப் பற்றிய சிற்பம் தானும் மாறிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா.

முழங்கைகளை ஊன்றிக் கவிழ்ந்து படுத்துப் புத்தகம் படிக்கும் சிறுமியின் உருவம், 12 அடி நீளத்தில், தொடக்கத்திற்கு ஏற்றது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் வேலையைத் தொடங்குவது நல்லது. அப்போது மழை ஓய்ந்திருக்கும். 40 பாகையைத் தாண்டும் வேலூர் வெயில் இன்னும் வந்திருக்காது. தண்ணீர்க் குழாய்க்கு அருகில், மர நிழல் ஓரளவு விழும் மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தலைமை ஆசிரியரின் ஒப்புதலை முன்னதாகவே பெற்றுவிடுங்கள்.

உடற்பகுதிக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, சாதாரண மண் போதும். அதை அரை அடி உயரத்திற்குப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். தலைக்கும் முழங்கைகளுக்கும் மூங்கில் சட்டம் தேவைப்படும். மூங்கிலின் மீது களிமண்ணை நேரடியாக அப்பினால், காயும்போது மண் சுருங்க, மூங்கில் சுருங்காமல் நிற்க, மறுநாளே நீளவாக்கில் வெடிப்பு விழும். ஆகவே முதலில் வைக்கோல் புரியை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் களிமண்ணை அப்புங்கள். சுருங்கும் மண்ணுக்கு வைக்கோல் இடம் கொடுக்கும்.

மேற்பூச்சுக்கான களிமண்ணை உள்ளூர்க் குயவரிடம் வாங்குங்கள். எந்த ஏரி மண் எவ்வளவு சுருங்கும் என்பதை அவரே அறிவார். மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணலும், விரல் நீளத்திற்கு நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, ஓரிரவு ஊறவைத்து மிதிக்க வேண்டும். மாணவர்கள் மிகவும் விரும்பும் வேலை மிதிப்பதுதான். கண்ணாடித் துண்டும் முள்ளும் கிடக்கின்றனவா என்று முன்பே சலித்துப் பார்த்துவிடுங்கள்.

பூச்சு ஈரமாக இருக்கும்போது பாதத்திலிருந்து தோள் வரை உருவத்தைப் பட்டைகளாகப் பிரித்து, ஆறாம் வகுப்பினருக்குப் பாதத்தையும் ஒன்பதாம் வகுப்பினருக்குத் தோளையும் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தாம் அவ்வாண்டு கற்ற ஒன்றை அங்கே பதிக்கட்டும்: ஒருவர் இலையை அழுத்துவார், ஒருவர் வட்டத்தின் ஆரத்தை வரைவார், ஒருவர் தன் பெயரைப் பிழையோடு எழுதுவார். அந்தப் பிழையைத் திருத்தாதீர்கள். மாலையில் மாணவர்கள் போன பின், கரண்டியை எடுத்துக் கோணலான இடங்களை மழித்துவிடும் ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்திவரும் கலைத் திருவிழாப் போட்டிகளுக்கு நேர்த்தி தேவைப்படலாம். இங்கோ விரல் ரேகைதான் சிற்பம்.

புத்தகத்தை மட்டும் களிமண்ணால் மூடக்கூடாது. மூன்றடிக்கு இரண்டடி அளவில் இரு பக்கங்களைப் பாத்தியாக அமைத்து, மட்கிய தொழு உரம் கலந்த தோட்ட மண்ணை நான்கு அங்குல ஆழத்திற்கு நிரப்பி, அதில் எழுத்து வரிகளைப் போலக் கோடு கிழித்து விதையுங்கள். ஒரு வரி பச்சைப்பயறு, ஒரு வரி கேழ்வரகு, ஒரு வரி மல்லாட்டை (நிலக்கடலை) என்று மாற்றி மாற்றிப் போடுவதில்தான் இந்தச் சிற்பத்தின் உயிர் இருக்கிறது. பயறு மூன்று நான்கு நாளில் தலைகாட்டிவிடும். மல்லாட்டைக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில், முளைக்காத வரி கெட்டுப்போய்விட்டது என்று மாணவர்கள் கிளறிப் பார்க்க வருவார்கள். தடுத்து நிறுத்தி, அன்றைய தேதியையும் எந்த வரி எவ்வளவு உயரம் என்பதையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஈரக் கோணிப்பையால் மூடியிருந்தால் முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் நாற்று வெளுத்துப் படுத்துவிடும்.

நிலையாக எதையேனும் வைத்துக்கொள்ள விரும்பினால், மாணவர்களின் உள்ளங்கைப் பதிவுகளை அரை அங்குலத் தடிப்புள்ள ஓடுகளாகச் செய்து, நிழலில் நன்கு உலர்த்தி, குயவரின் சூளையில் சுட்டுக்கொள்ளலாம். தடித்த ஓட்டிலும் ஈரம் உலராத ஓட்டிலும் நீராவி வெளியேற வழியின்றி, சூளைக்குள்ளேயே வெடித்துவிடும். மண்பாண்டத்திற்குப் பெயர்பெற்ற கரிகிரி வேலூர் மாவட்டத்திலேயே இருப்பதால், சுடும் நாளன்று மாணவர்களை ஒரு சூளைக்கு அழைத்துச் செல்ல முயலுங்கள்.

பூச்சில் விழும் மெல்லிய வெடிப்புகளை அப்படியே விடலாம். விரல் நுழையும் அளவு வெடிப்பை மட்டும், நனைத்துவிட்டு, அதே கலவையால் அடையுங்கள். பெயர்ப்பலகையில் பங்கேற்ற மாணவர் அனைவரின் பெயரையும் அகர வரிசையில் எழுதி, ஆசிரியரின் பெயரையும் அதே அளவு எழுத்தில், அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள்.