இலங்கைத் தேர்தல் முடிவை நம்மூர்க் கணக்கில் படிக்காதீர்கள்

2024 நவம்பர் 14-ல் இலங்கை நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. முடிவு வந்ததும் கோவை, திருப்பூர்ப் பக்கம் பலர் ஒரே வரியில் பேசி முடித்தார்கள்: "யாழ்ப்பாணமே சிங்களக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருச்சுங்க." ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி அங்கே முதலிடம் வந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் நாலைந்து தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் தொகுதி. செய்தியில் நல்லூர், கோப்பாய், மானிப்பாய் என்று தொகுதிவாரியாக முடிவு வரும். உடனே நாம் நல்லூரில் ஜெயித்த எம்.பி. யார் என்று தேடுவோம். அப்படி ஒருவர் கிடையாது. அங்கே தொகுதி என்பது வாக்கு எண்ண வசதியான ஒரு பிரிவு, அவ்வளவுதான். இடங்கள் பங்கிடப்படுவது மாவட்ட அளவில். மொத்தம் 225 இடங்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும், மீதி 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். மாவட்டத்தையும் கவனித்துப் படிக்க வேண்டும். நிர்வாக மாவட்டங்கள் 25. கிளிநொச்சி தனி மாவட்டம் என்றாலும் தேர்தலுக்கு யாழ்ப்பாணத்தோடு சேர்ந்துவிடும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி.

வித்தியாசம் புரிய நம்மூரையே எடுத்துக்கொள்வோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் அதிமுக கூட்டணியே அள்ளியது. திமுக அணிக்கு விழுந்த லட்சக்கணக்கான ஓட்டுக்கு ஒரு இடம்கூட இல்லை. இலங்கை முறையாக இருந்திருந்தால் பத்தையும் ஒரே அணி எடுத்திருக்க முடியாது. அப்போ அங்கே பங்கீடு துல்லியமாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் தவறு. யாழ்ப்பாணக் கணக்கையே பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு 6 இடம். தேசிய மக்கள் சக்திக்குச் சுமார் 80 ஆயிரம் வாக்கு, அதாவது 25 சதவீதத்தை ஒட்டி. தமிழரசுக் கட்சிக்குச் சுமார் 63 ஆயிரம். அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸுக்கும் ஒரு சுயேச்சைக் குழுவுக்கும் ஆளுக்கு 28 ஆயிரத்தை ஒட்டி. முதலிடம் வரும் கட்சிக்கு ஒரு போனஸ் இடம் தனியாகப் போய்விடும். 5 சதவீதத்துக்குக் கீழே வாங்கியவர்களின் வாக்கைக் கழித்துவிட்டு, மற்ற வாக்கை மீதி 5 இடத்தால் வகுப்பார்கள்; வருவதுதான் ஒரு இடத்துக்கான அளவு. அந்த அளவை எட்டியது இரண்டே கட்சி, ஆளுக்கு ஒரு இடம். இன்னும் மூன்று இடம் பாக்கி. அது மிச்ச வாக்கு அதிகம் உள்ளவர்களுக்கு. தமிழரசுக்கு மிச்சம் குறைவு, தேசிய மக்கள் சக்திக்கு அதிகம். இப்படித்தான் நாலில் ஒரு பங்கு வாக்குக்கு மூன்று இடமும், 63 ஆயிரத்துக்கு ஒரே இடமும் வந்தன. தமிழ்க் கட்சிகள் பல துண்டாக நின்றதற்கு இதுதான் விலை. "தமிழர்கள் உரிமைக் கோரிக்கையையே கைவிட்டுவிட்டார்கள்" என்பதும் சரியல்ல, "ஏதோ தில்லுமுல்லு" என்பதும் சரியல்ல. இதே தேர்தலில் மட்டக்களப்பில் தமிழரசு 5-ல் 3 இடம் பிடித்தது. நாடு முழுக்க 159 இடம் வென்ற தேசிய மக்கள் சக்தி முதலிடம் வராத ஒரே மாவட்டம் அதுதான்.

வாக்குச்சீட்டிலும் ஒரு சங்கதி உண்டு. வேட்பாளர் பெயர் அதில் இருக்காது. கட்சியின் சின்னத்துக்கு நேரே புள்ளடி (X குறி) போட்டுவிட்டு, அதே கட்சியின் மூன்று வேட்பாளர்கள் வரை அவர்கள் இலக்கத்தில் விருப்பு வாக்குப் போடலாம். அதனால்தான் போஸ்டரில் முகத்தைவிட இலக்கம் பெரிதாக இருக்கும். ஒரே கட்சிக்காரர்களே ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பதும் இதனால்தான்.

அப்புறம், தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாக எண்ணுவது. உடுமலை ராவுத்தர் ஒருவரைக் கேட்டால் தன்னைத் தமிழர் என்று சொல்லத் தயங்கமாட்டார். இலங்கை முஸ்லிம்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் தங்களைத் தனி இனமாகவே சொல்லிக்கொள்வார்கள். 1990-ல் புலிகள் வடக்கிலிருந்து அவர்களை வெளியேற்றிய பிறகு அந்த இடைவெளி இன்னும் ஆழமானது. தோட்ட வேலைக்காக இங்கிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் கதை வேறு. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது; அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு வந்தவர்கள்தான் இன்று கூடலூர், கோத்தகிரியில் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தேர்தல் பேச்சு என்றால் யாழ்ப்பாணத்துக்கு முன் மலையக மாவட்டமான நுவரெலியா வரும்; அங்கே மலையகக் கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் நின்றது ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில்.

பவானிசாகர், ஆழியாறு இலங்கை அகதி முகாம்களில் இருப்பவர்களிடம் "நீங்க யாருக்குங்க போட்டீங்க?" என்று கேட்பதையும் தவிர்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் வசதி இலங்கைத் தேர்தலில் கிடையாது. இந்தியக் குடியுரிமை இல்லாததால் இங்கேயும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. போரால் ஊரைவிட்டுப் போனவர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்தும் போய்விட்டதால், யாழ்ப்பாணத்தின் இடங்களே 2010-ல் 9, 2015-ல் 7, 2024-ல் 6 என்று சுருங்கியிருக்கின்றன.