உளவியலாளரைத் தேடுமுன் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்: சிங்கப்பூரில் மானியக் கட்டணத்தில் மனநல உதவி பெறும் வழி

அப்பா இறந்த பிறகு அம்மாவின் தூக்கம் போய்விட்டது. முதலில் துக்கம் என்றுதான் நினைத்தோம். நான்காவது மாதம் சாப்பாடும் குறைந்து, வாசல் பக்கமே போகாமல் அறைக்குள் முடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. உடனே கைப்பேசியை எடுத்துத் தனியார் உளவியல் நிலையங்களை ஒவ்வொன்றாக அழைத்து, "மெடிசேவ் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன். மெடிசேவ் என்பது மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென ஒதுக்கப்படும் நம் சொந்தச் சேமிப்பு. ஆறு இடங்களில் இல்லை என்றார்கள். ஏழாவது இடத்தில் பேசிய பெண்தான், "பலதுறை மருந்தகத்தில் காட்டினீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். அரசாங்கத்தின் பாலிகிளினிக்கைத்தான் சொன்னார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருந்தது. இங்கே காப்புறுதியை ஏற்கும் உளவியலாளர் யார் என்று தேடிப் பயனில்லை. நாம் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதுதான் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் செலவு மிகுந்த சில வெளிநோயாளிச் சிகிச்சைகளுக்குமானது. வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரும் சிகிச்சைக்குக் கைகொடுப்பவை அரசாங்க மானியமும் மெடிசேவும்தான்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுநிலைப் பட்டமும் மேற்பார்வையில் பயிற்சியும் பெற்றவர். மதிப்பீடு செய்வார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். ஆலோசகர் (கவுன்சிலர்) வேறு, வாழ்க்கைச் சிக்கல்களைப் பேசித் தீர்க்க உதவுபவர். நம் வீடுகளில் மூவரையும் சேர்த்து 'மனநல டாக்டர்' என்று சொல்லிவிடுகிறோம். சந்திப்புக்குப் பதிவு செய்யும்போது அந்தக் குழப்பம் நேரத்தைத் தின்னும்.

உங்கள் அடையாள அட்டை என்ன சொல்கிறது?

குடிமக்களுக்கு மானியம் அதிகம், நிரந்தரவாசிகளுக்குக் குறைவு. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு மானியம் கிடையாது. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி வாங்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிமார்கள் மனம் தளர்ந்து நின்றால், வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே இயங்கும் ஹெல்த்சர்வ் அமைப்பை நாடலாம். அதன் நெருக்கடி உதவி எண் 3129 5000, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

அலுவலகக் காப்புறுதி இருப்பவர்கள், மனநலத்துக்கான வெளிநோயாளிச் சிகிச்சை அதில் விலக்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

பலதுறை மருந்தகத்தில் பதிவு செய்யுங்கள்

அரசாங்கத்தின் உடல்நலச் செயலியான ஹெல்த்ஹப்பில் சிங்பாஸ் (மின்னிலக்க அடையாளம்) வழியாக நுழைந்து, வீட்டுக்கு அருகில் உள்ள பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்க நேரம் எடுங்கள். தனியார் மருந்தகங்களில் மானியம் தரும் சாஸ் திட்டத்தில் சேர்ந்துள்ள குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமும் தொடங்கலாம். சாஸ் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். சில பலதுறை மருந்தகங்களில் உளவியலாளரே இருக்கிறார். அப்படியானால் மருத்துவமனை வரை போகாமலே வேலை முடிந்துவிடலாம். எல்லாப் பலதுறை மருந்தகங்களுக்கும் மனநலச் சேவையை 2030க்குள் கொண்டுவருவது அரசாங்கத்தின் திட்டம்.

மருத்துவரின் அறையில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அம்மா உள்ளே போனதும், "ஒன்றுமில்லை டாக்டர், கொஞ்சம் களைப்பு" என்று சொல்லிவிட்டார். நம் அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நல்லவேளையாக நான் முந்தைய நாள் இரவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நீங்களும் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை வாரங்களாக இருக்கிறது, இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம், எடை குறைந்திருக்கிறதா, முன்பு விரும்பிச் செய்து இப்போது விட்டுவிட்டது எது, வேறு என்னென்ன மருந்துகள் எடுக்கிறார், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது வந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று நான் எழுதியிருந்த வரியைப் படித்த பிறகுதான் அந்த மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

பரிந்துரைக் கடிதமும் நான் செய்த தவறும்

மேல்சிகிச்சை தேவை என்று மருத்துவர் நினைத்தால் அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு வெளிநோயாளிப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார். மானிய நோயாளியாக அனுப்பும்படி வாய்திறந்து கேளுங்கள். குடும்ப உறுப்பினர் ஒருவருக்கான வருமானத்தைப் பொறுத்து, குடிமக்களுக்கு அங்கே 70 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும்.

பரிந்துரை கிடைத்த பிறகும் நான் அவசரப்பட்டேன். தோழி ஒருத்தி நல்ல மருத்துவர் என்று ஒரு பெயரைச் சொல்ல, நானே மருத்துவமனையை அழைத்து அவரிடம்தான் காட்டவேண்டும் என்று நேரம் வாங்கிவிட்டேன். ரசீதைப் பார்த்த பிறகுதான் அம்மாவைத் தனியார் கட்டண நோயாளியாகப் பதிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மானிய நோயாளிக்கு மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் மானியம் போய்விடும். பிறகு மானியப் பிரிவுக்கு மாற வேண்டுமென்றால் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்து, வருமான விவரங்களைக் காட்டி, அவர்கள் மதிப்பிடும்வரை காத்திருக்கவேண்டும். கிடைத்துவிடும் என்று உறுதியும் இல்லை.

பெரும்பாலும் முதல் சந்திப்பு மனநல மருத்துவருடன்தான். உளவியலாளரிடம் அவரே அனுப்புவார். ஆகவே முதல் நாளே, "பேச்சுச் சிகிச்சையும் வேண்டும், உளவியலாளரைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

மனநலக் கழகத்துக்கு (ஐஎம்எச் மருத்துவமனை) அனுப்பினால் பதறாதீர்கள். அம்மா, "என்னை வுட்பிரிட்ஜுக்கா கூட்டிப் போகிறாய்?" என்று அழுதார். 1928இல் தொடங்கிய அந்த மருத்துவமனை 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறிவிட்டது. வுட்பிரிட்ஜ் என்ற பழைய பெயர் மட்டும் நம் பாட்டிமார் வாயிலிருந்து இன்னும் இறங்கவில்லை. பொது மருத்துவமனைகள் பலவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போக விருப்பம் என்றால் பரிந்துரை எழுதும்போதே சொல்லுங்கள்.

மெடிசேவ் கணக்கு

நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தின் பட்டியலில் கடும் மனச்சோர்வு, மனப்பதற்ற நோய், இருதுருவ மனநோய், மனச்சிதைவு நோய், மறதிநோய் ஆகியவை இருக்கின்றன. இவற்றில் ஒன்று இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்தால் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம். 2021இல் வந்த ஏற்பாட்டின்படி ஆண்டு வரம்பு 500 வெள்ளி. சிக்கலான நிலையில் இருப்பவர்களுக்கு 700 வெள்ளி. ஒவ்வொரு ரசீதிலும் 15 விழுக்காட்டை நாம் கையிலிருந்து கட்டவேண்டும். மானியம் போக 80 வெள்ளி வந்தால், 12 வெள்ளி நம்முடையது, 68 வெள்ளி மெடிசேவிலிருந்து போகும்.

அம்மா வீட்டோடு இருந்தவர். அவர் கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. என் மெடிசேவைப் பயன்படுத்தினோம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இப்படி உதவலாம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஃபிளெக்சி மெடிசேவ் தனியாக உண்டு. அப்படியும் முடியவில்லை என்றால் வசதி குறைந்தவர்களுக்கான அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்ட் பற்றி மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள். கூச்சப்படவேண்டாம், இதற்காகவே அவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாதவற்றுக்கு இது உதவாது. திருமணச் சிக்கல், வேலையிட மன உளைச்சல், பிள்ளையோடு தகராறு போன்றவை உண்மையான வலிகள்தான். ஆனால் நோய் என்று உறுதியாகாதவரை மெடிசேவ் திறக்காது. அவற்றுக்குக் குடும்ப சேவை நிலையமே நல்ல தொடக்கம்.

தமிழில் பேச வேண்டும் என்றால்

துக்கத்தை இரண்டாம் மொழியில் சொல்வது கடினம். 'நெஞ்சு அடைக்கிறது' என்று அம்மா சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, இதயப் பரிசோதனைக்கு அனுப்பப் பார்த்தார்கள். சந்திப்பு உறுதியானதும் அழைத்து, தமிழ் பேசும் உளவியலாளர் இருக்கிறாரா, இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். பிள்ளைகளே மொழிபெயர்க்கும்போது பெற்றோர் பாதியை விழுங்கிவிடுவார்கள். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவைகளையும் இந்த இடத்தில் நினைவில் வையுங்கள்.

காத்திருக்கும் வாரங்களில்

காத்திருப்பு வாரக் கணக்கில் நீளலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 2025 ஜூன் முதல் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. 6669 1771 என்ற எண்ணில் வாட்ஸ்அப் வழியாகவும் பேசலாம். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு மனநலக் கழகத்தின் இளையர் சேவையான 'சாட்' அமைப்பில் மனநல மதிப்பீடு இலவசம். உயிருக்கு ஆபத்தான எண்ணம் வந்தால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்: எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 1767, மனநலக் கழகத்தின் 6389 2222, உடனடி ஆபத்து என்றால் 995.

தனியார்தான் என்று முடிவு செய்தால்

ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளிக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. 300 வெள்ளியைத் தாண்டுவதும் உண்டு. சிங்கப்பூர் உளவியல் சங்கம் நடத்தும் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். தொலைபேசியிலேயே மூன்று கேள்விகள் கேளுங்கள்: முதுநிலைப் பட்டம் மருத்துவ உளவியலில்தானா, இந்தச் சிக்கலுக்கு வழக்கமாக எத்தனை அமர்வுகள் ஆகும், வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்லவேண்டும். மூன்றாவதைக் கேட்க மறந்தவர்கள், போகாத அமர்வுக்கும் முழுக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்.